ரயிலில் இடம் மறுக்கப்பட்ட தியாகி: பாப்பாரப்பட்டியில் உறங்கும் சுப்பிரமணிய சிவா

தர்மபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பகுதியில் பாப்பாரப்பட்டி என்ற ஊர் இருக்கிறது. ஒகேனக்கல் அருவிக்குக் குடும்பத்தோடு போய் வருகிற நம்மில் பலர் அந்த ஊரை எட்டிப் பார்த்திருக்க மாட்டோம். விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா தன் கடைசி ஆண்டுகளில் வாழ்ந்ததும், 1925 ஜூலை 23 அன்று கண் மூடியதும் அந்த ஊரில்தான். அவரது நினைவிடமும் அங்கேதான் உள்ளது.

வ.உ.சி., பாரதியார், சிவா என மூன்று பெயர்களைச் சேர்த்தே நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படிக்கிறார்கள். முதல் இருவரைப் பற்றி ஓரளவு தெரிந்து வைத்திருக்கிறோம். சிவாவைப் பற்றிக் கேட்டால், சிறை சென்றார், தொழுநோய் வந்தது, இறந்தார் என்று மூன்றே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அந்த நோயோடு அவர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல் எப்படி வாழ்ந்தார், அவரைச் சுற்றியிருந்த உலகம் அவரை எப்படி நடத்தியது என்று நாம் கேட்டதில்லை. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். ஏனென்றால் அந்தக் கேள்வி இன்றும் நம் வீடுகளுக்குள் இருக்கிறது.

வறுமையில் தொடங்கிய வாழ்க்கை

இன்றைய திண்டுக்கல் மாவட்டம் வத்தலக்குண்டில் 1884 அக்டோபர் 4 அன்று சிவா பிறந்தார். பெற்றோர் ராஜம் ஐயர், நாகம்மாள். குடும்பத்தில் வறுமை. இளம் வயதிலேயே ஊர் விட்டு ஊர் போக வேண்டியிருந்தது. திருவனந்தபுரத்தில் இலவச உணவு கிடைத்த ஊட்டுப்புரையை நம்பிப் படித்த காலமும் உண்டு.

நல்ல உடற்கட்டும் கணீரென்ற குரலும் கொண்ட இளைஞராக அவர் வளர்ந்தார். நாட்டு விடுதலை பற்றிய பேச்சுகள் அவரை ஈர்த்தன. திருவனந்தபுரத்தில் இளைஞர்களைச் சேர்த்துத் தர்ம பரிபாலன சமாஜம் என்ற அமைப்பை நடத்தி, தெருத்தெருவாகப் பேசினார். திருவிதாங்கூர் சமஸ்தானம் அவரை வெளியேறச் சொன்னது. அங்கிருந்து கிளம்பியவர் ஊர் ஊராகப் பேசிக்கொண்டே தூத்துக்குடி வந்து சேர்ந்தார்.

அப்போது தூத்துக்குடியில் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆங்கிலேயக் கம்பெனியோடு மோதிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பெனிக்குத் தோள் கொடுத்தவர்களில் நம் சமுதாயத்தைச் சேர்ந்த ஹாஜி முகமது பக்கீர் சேட்டை நாம் மறக்க முடியாது. ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 8,000 பங்குகளை, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு, அவர் ஒருவரே வாங்கினார். அந்தக் காலத்து 2 லட்சம் என்றால் எவ்வளவு பெரிய தொகை என்று எண்ணிப் பாருங்கள். சாதி, மதம் பார்க்காமல் மக்கள் ஒன்றுகூடிய அந்தச் சூழலில்தான் சிவாவின் குரல் கடற்கரைக் கூட்டங்களில் ஒலித்தது.

அடைக்கலம் கொடுத்ததும் குற்றமாயிற்று

1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ.உ.சி.யும் சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். நிர்வாகம் இறங்கி வந்து கூலியை உயர்த்தியது. ஆங்கிலேய அதிகாரிகளால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மார்ச் 12 அன்று இருவரும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்து எழுந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் நான்கு உயிர்கள் போயின.

ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே தீர்ப்பு வழங்கினார். ராஜத் துரோகக் குற்றத்துக்காகச் சிவாவுக்குப் பத்தாண்டு தண்டனை. வ.உ.சி.க்கோ இரண்டு ஆயுள் தண்டனைகள். ஒன்று அவர் பேசிய பேச்சுக்காக. இன்னொன்று சிவாவுக்கு உணவும் இடமும் கொடுத்து ஆதரித்ததற்காக. மேல்முறையீட்டில் இந்தத் தண்டனைகள் குறைக்கப்பட்டன. சிவாவின் தண்டனை ஆறு ஆண்டுகளாயிற்று.

ஒரு மனிதருக்கு வீட்டில் இடம் கொடுத்தால் வாழ்நாள் முழுவதும் சிறை என்ற நிலையிலும் சிவாவுக்கு இடம் கொடுக்க ஆள் இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்வோம். சில ஆண்டுகள் கழித்து அவருக்கு இடம் மறுக்கப்பட்டதைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வர வேண்டும்.

சிறையில் வந்த நோய்

திருச்சியிலும் சேலத்திலும் சிவா சிறையில் இருந்தார். கடுமையான வேலைகள், மோசமான உணவு, நெரிசல். அந்தச் சிறைவாசத்தில்தான் தொழுநோயின் அறிகுறிகள் அவர் உடலில் தெரிந்தன. சிறையில் கம்பளி உரோமத்தைச் சுத்தம் செய்யும் வேலை கொடுத்ததால் நோய் வந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. மருத்துவம் சொல்வது வேறு. தொழுநோய் ஒரு கிருமியால் வருகிறது. அந்தக் கிருமியை நார்வே மருத்துவர் ஹான்சன் 1873-லேயே கண்டுபிடித்துவிட்டார். கிருமி உடலில் புகுந்து நோய் வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகள் கூட ஆகலாம். ஆனால் சிவாவின் காலத்தில் அந்தக் கிருமியைக் கொல்லும் மருந்து உலகத்தில் எங்கும் இல்லை.

1912 நவம்பரில் அவர் விடுதலையானபோது வயது 28. உள்ளே போகும்போது திடகாத்திரமான இளைஞர். வெளியே வரும்போது, ஊரார் பெருவியாதி என்று பெயர் சொல்லவே தயங்குகிற நோயோடு வந்தார்.

அந்தக் காலத்தில் தொழுநோயாளிக்கு என்றே ஒரு சட்டம் இருந்தது. 1898-ல் ஆங்கிலேய அரசு கொண்டுவந்த தொழுநோயாளர் சட்டம். ஏழைத் தொழுநோயாளி தெருவில் நடமாடினால் பிடித்து விடுதியில் அடைக்கலாம். உணவுப் பண்டம் விற்கக் கூடாது, பொதுக் கிணற்றில் குளிக்கக் கூடாது, வாடகை வண்டியில் ஏறக் கூடாது என்று தடை விதிக்கவும் அதில் வழி இருந்தது. நோயாளியைக் குற்றவாளியைப் போல் பார்த்த சட்டம் அது. இந்தச் சட்டம் 2016-ல்தான் முழுமையாக நீக்கப்பட்டது என்றால் நம்ப முடிகிறதா?

நடந்தே ஊர்களைக் கடந்தவர்

விடுதலைக்குப் பிறகு சிவா சென்னையில் குடியேறினார். நோயைச் சொல்லி மூலையில் முடங்கவில்லை. 1913-ல் ஞானபாநு என்ற மாத இதழைத் தொடங்கினார். புதுச்சேரியில் அடைக்கலமாகியிருந்த பாரதியாரின் எழுத்துகள் அதில் வந்தன. வ.உ.சி.யும் எழுதினார். பின்னர் பிரபஞ்ச மித்திரன் என்ற இதழையும் நடத்தினார். நாடகங்கள், வாழ்க்கை வரலாறுகள், மொழிபெயர்ப்புகள் என்று நூல்கள் எழுதினார்.

1915-ல் மனைவி மீனாட்சி இறந்தார். நோய் ஒருபுறம், தனிமை ஒருபுறம், கையில் காசில்லாத நிலை ஒருபுறம். ஆனாலும் மேடை ஏறுவதை அவர் நிறுத்தவில்லை. சென்னையில் தொழிலாளர் கூட்டங்களிலும் பேசினார். பிறகு காவி உடை தரித்துச் சுதந்திரானந்தர் என்ற பெயரையும் ஏற்றுக்கொண்டார்.

ஆங்கிலேய அரசு அவரது பேச்சை நிறுத்த வழி தேடியது. நோய் அதற்கு வசதியான காரணமாக அமைந்தது. தொழுநோயாளி என்று சொல்லி அவர் ரயிலில் பயணம் செய்வதற்குத் தடை விதித்தது. பேருந்துகள் பரவலாக இல்லாத காலம். ரயிலை விட்டால் மாட்டு வண்டி, இல்லையென்றால் கால்நடை. உணர்ச்சி குறைந்து புண்ணாகும் பாதங்களோடு ஒருவர் ஊர் ஊராக நடப்பது எப்படி இருக்கும்? காலில் முள் தைத்தாலும் தெரியாது, கொப்புளம் வந்தாலும் தெரியாது, இரத்தம் வந்த பிறகே தெரியும். அந்தக் கால்களோடுதான் சிவா ஊர்களைச் சுற்றினார்.

நோய் அவரது தோலையும் நரம்புகளையும்தான் தொட்டது. அவரை மக்களிடமிருந்து பிரிக்கும் வேலையைச் சட்டமும், நோயாளியைக் கண்டு ஒதுங்கும் சமூகப் பழக்கமும் சேர்ந்து செய்தன. சட்டம் போட்டது ஆங்கிலேயன்தான். ஆனால் அந்த அச்சமும் அருவருப்பும் நம் நாட்டு மக்களிடமும் நிறையவே இருந்தன. அதனால்தான் அப்படியொரு தடையை எளிதாகப் போட முடிந்தது.

பாப்பாரப்பட்டியில் ஒரு வீடு

இப்படி அலைந்தவருக்கு நிலைத்த இடம் கொடுத்தது அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த பாப்பாரப்பட்டி. 1965-ல் தர்மபுரி தனி மாவட்டமானபோது அந்த ஊர் அதில் சேர்ந்தது. அங்கிருந்த நண்பர்களின் உதவியோடு நிலம் வாங்கி, பாரதாசிரமம் என்ற பெயரில் தங்கும் இடம் அமைத்தார். பாரதபுரம் என்று அந்த இடத்துக்குப் பெயர் வைத்தார். ஒத்துழையாமை இயக்கக் காலத்தில், 1921-ல், மறுபடியும் சிறைக்குப் போய் வந்தார். நோய் முற்றிய உடம்போடு சிறை.

பாரத மாதாவுக்கு ஓர் ஆலயம் கட்ட வேண்டும் என்பது அவரது கடைசி ஆசையாக இருந்தது. 1923 ஜூன் மாதம் வங்கத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் பாப்பாரப்பட்டி வந்து அதற்கு அடிக்கல் நாட்டினார். வழிபாட்டில் நமது வழி வேறு. படைத்தவனைத் தவிர வேறெதையும் வணங்காதவர்கள் நாம். சிவாவின் சமயக் கருத்துகள் பலவற்றோடு நமக்கு உடன்பாடு இருக்க முடியாது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நாட்டுக்காக உடலை இழந்த ஒரு மனிதரை மதிப்பதற்கு அது தடையும் இல்லை. நோய் கண்ட ஒருவரை ஒரு சிற்றூர் தன் நடுவில் வைத்துக்கொண்டது என்பதும், அவர் வாழும்போதே நாட்டின் பெரிய தலைவர் ஒருவர் அவரைத் தேடி வந்தார் என்பதும் நாம் கவனிக்க வேண்டியவை.

அந்த ஆலயத்துக்குப் பணம் சேர்க்க சிவா மறுபடியும் ஊர் ஊராகப் புறப்பட்டார். உடம்பு ஒத்துழைக்கவில்லை. மதுரைப் பக்கம் இருந்தவர் கடைசியில் பாப்பாரப்பட்டிக்கே திரும்பி வந்தார். 1925 ஜூலை 23 அன்று அங்கே உயிர் பிரிந்தது. 41 வயது நிறையவில்லை. அவர் கனவு கண்ட கட்டிடம் அவர் காலத்தில் எழவில்லை. பல்லாண்டுகள் கழித்து, 2021-ல், தமிழக அரசு அங்கு நினைவாலயம் கட்டித் திறந்தது. மாவட்டத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை ஒன்றும் அவர் பெயரில் இயங்குகிறது.

மார்க்கம் நமக்குக் காட்டும் பாதை

சிவாவின் வரலாற்றைப் படிக்கும்போது நம் மார்க்க வரலாற்றில் உள்ள ஒருவர் நினைவுக்கு வருகிறார். முஐகீப் (ரலி) அவர்கள். ஆரம்ப காலத்திலேயே இஸ்லாத்தை ஏற்ற நபித்தோழர். அவருக்குத் தொழுநோய் இருந்தது. அந்த நபித்தோழரிடம்தான் நபி (ஸல்) அவர்களின் முத்திரை மோதிரத்தைப் பாதுகாக்கும் பொறுப்பு இருந்தது. உமர் (ரலி) அவர்கள் ஆட்சியில் பைத்துல்மாலின் பொறுப்பும் அவரிடம் கொடுக்கப்பட்டது. உமர் (ரலி) அவரை உணவுக்கு அழைத்துத் தம்மோடு உட்கார வைத்தார்கள். மருத்துவம் தெரிந்தவர்களைத் தேடினார்கள். யமனிலிருந்து வந்த இருவர் அவருக்கு வைத்தியம் செய்ததும் வரலாற்றில் பதிவாகியுள்ளது. நோய் வந்துவிட்டது என்பதற்காக அவரது பதவி பறிபோகவில்லை.

உவைஸ் அல்கர்னீ (ரஹ்) அவர்களுக்கு வெண்புள்ளி நோய் இருந்து, ஒரு திர்ஹம் அளவு இடம் தவிர மற்றது குணமானது என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. அப்படிப்பட்ட ஒருவரிடம்தான் தமக்காகப் பாவமன்னிப்புக் கேட்குமாறு உமர் (ரலி) வேண்டிக்கொண்டார்கள்.

புகாரியில் வரும் மூவரின் சம்பவம் நம் வீடுகளில் அடிக்கடி சொல்லப்படுவதுதான். தோல் நோயாளி, வழுக்கைத் தலையர், பார்வையற்றவர் என்ற மூவரிடம் வானவர் வருகிறார். உனக்கு மிகவும் விருப்பமானது எது என்று முதலாமவரிடம் கேட்கிறார். நல்ல நிறமும் நல்ல தோலும் வேண்டும், மக்கள் என்னை வெறுக்கிறார்கள் என்பதே அவரது பதிலின் கருத்து. கவனியுங்கள்: வலிக்கிறது என்று அவர் முறையிடவில்லை. மக்களின் வெறுப்பைத்தான் சொல்கிறார். தோல் நோயின் பெரிய வேதனை எது என்பது இங்கேயே நமக்குச் சொல்லப்பட்டுவிட்டது. குணமான பின் அவரே, தம் பழைய கோலத்தில் வந்து நின்ற ஏழையை விரட்டிவிட்டு அல்லாஹ்வின் கோபத்துக்கு ஆளாகிறார் என்பது அந்தச் சம்பவத்தின் பிற்பகுதி.

தொழுநோயாளியிடமிருந்து விலகி இருக்கச் சொல்லும் ஹதீஸும் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. நோய் பரவாமல் காத்துக்கொள்வது மார்க்கம் அனுமதித்த முன்னெச்சரிக்கை. மருந்தே இல்லாத காலத்தில் அதற்கு முழுப் பொருள் இருந்தது. ஆனால் முன்னெச்சரிக்கை வேறு, இழிவுபடுத்துவது வேறு. அதே சமுதாயத்தில்தான் முஐகீப் (ரலி) மரியாதையோடு வாழ்ந்தார்கள்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது?

இன்று தொழுநோய்க்கு மருந்து இருக்கிறது. 1980களின் தொடக்கத்திலிருந்து கூட்டு மருந்துச் சிகிச்சை நடைமுறையில் உள்ளது. நோயின் அளவைப் பொறுத்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மருந்து சாப்பிட்டால் முழுக் குணம். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது இலவசம். சிகிச்சை தொடங்கிய சில நாள்களிலேயே நோயாளியிடமிருந்து மற்றவருக்குப் பரவும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லாமல் போகிறது. பெரும்பாலான மனிதர்களுக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே இருக்கிறது. கை குலுக்குவதால், சேர்ந்து சாப்பிடுவதால், அருகில் உட்காருவதால் இது தொற்றுவதில்லை. ஆனாலும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். நோயை மறைப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். உணர்ச்சியில்லாத வெளிறிய தேமலைப் பார்த்தும், யாருக்காவது தெரிந்துவிடுமோ என்று பயந்து ஒரு வருடம் இரண்டு வருடம் தள்ளிப் போடும்போதுதான் விரல்கள் மடங்குகின்றன, பாதம் புண்ணாகிறது.

தொழுநோய் மட்டுமல்ல. வெண்புள்ளி தொற்று நோயே அல்ல. அதை வெண்குஷ்டம் என்று அழைத்ததே தவறு. காளாஞ்சகப்படை என்கிற சோரியாசிஸும் தொற்றாது. நோயாளிகளின் மனச்சுமையையும் சமூகம் அவர்களை ஒதுக்குவதையும் உலக சுகாதார சபை 2014-ல் சோரியாசிஸ் குறித்த தீர்மானத்தில் கவனப்படுத்தியது. ஆனால் நம் வீடுகளில் இந்த மூன்றையும் ஒரே பட்டியலில் வைத்துத்தான் பார்க்கிறோம்.

விருந்தில் ஒரே சஹனைச் சுற்றி உட்காருவது நம் சமுதாயத்தின் அழகான பழக்கம். கையில் படை உள்ள ஒருவர் வந்து உட்கார்ந்தால், மற்றவர்கள் மெல்ல எழுந்து அடுத்த சஹனுக்குப் போவதை நாம் பார்த்ததில்லையா? ஸலாம் சொல்லி முஸாஃபஹாவுக்குக் கை நீட்டியவரின் கையைப் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனதில்லையா? பெண் பார்க்கப் போன இடத்தில் காலில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் கண்டு, வேறு காரணம் சொல்லிச் சம்பந்தத்தைத் தட்டிக் கழித்ததில்லையா? அந்தப் பெண்ணின் தங்கைக்கும் வரன் வராமல் போகும் என்று பயந்து, தாய் அவளை டாக்டரிடம்கூட அழைத்துப் போகாமல் வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பதை நாம் அறிய மாட்டோமா? நாளடைவில் அந்தப் பெண் உறவினர் கல்யாணங்களுக்கு வருவதில்லை. யாரும் ஏன் என்று கேட்பதுமில்லை.

1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டத்தில், கணவனுக்குத் தொழுநோய் இருந்தால் மனைவி விவாகரத்துக் கேட்கலாம் என்று இருந்தது. மற்ற மதத்தவருக்கான திருமணச் சட்டங்களிலும் இதே விதி இருந்தது. குணமாகக் கூடிய ஒரு நோய் திருமணத்தை முறிக்கக் காரணமாக இருக்கக் கூடாது என்று 2019-ல் நாடாளுமன்றம் இவை அனைத்திலிருந்தும் அந்த விதியை நீக்கியது. சட்டப் புத்தகம் மாறிவிட்டது. நம் மனம் மாற வேண்டியிருக்கிறது.

நம்மால் முடிந்தவை

இவை பெரிய காரியங்கள் அல்ல. வீட்டில் ஒருவருக்குத் தேமலோ புண்ணோ வந்தால் மறைக்காமல் உடனே தோல் மருத்துவரிடம் காட்டுவோம். நோய் உள்ளவரைத் தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்குமுன், அதற்கு மருத்துவர் சொல்லும் காரணம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வோம். நம் ஜமாஅத்துகள் ஜும்ஆவில் ஒரு முறையாவது இதைப் பற்றிப் பேசலாம். ஜனவரி 30 தொழுநோய் ஒழிப்பு நாளையொட்டி மஹல்லாவில் தோல் பரிசோதனை முகாம் நடத்தலாம். ஸஃப்பில் அவருக்கும் நமக்கும் நடுவில் இடைவெளி விடாமல் தோளோடு தோள் சேர்ந்து நிற்கலாம். சம்பந்தம் பேசும்போது உள்ளதை உள்ளபடி சொல்பவரை மதிக்கலாம்.

சிவாவுக்கு ரயிலில் இடம் கொடுக்காத அரசு போய்விட்டது. மருந்து வந்துவிட்டது. பாப்பாரப்பட்டி மக்கள் மருந்தே இல்லாத காலத்தில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். எல்லா மருந்தும் உள்ள இந்தக் காலத்தில் நம் சஹனில், நம் ஸஃப்பில், நம் வீட்டில் நாம் ஒருவருக்கு இடம் மறுத்தால் அல்லாஹ்விடம் என்ன பதில் சொல்வோம்?

அடுத்த முறை ஒகேனக்கல் போகும்போது பிள்ளைகளைப் பாப்பாரப்பட்டிக்கும் அழைத்துச் செல்வோம். சிவா நாட்டுக்காகச் செய்ததையும், நோயோடு அவர் நடந்த நடையையும் சேர்த்தே சொல்லிக் கொடுப்போம்.

நோயுற்ற அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக! அவர்களைக் கண்ணியமாக நடத்தும் உள்ளத்தை நமக்குத் தருவானாக! ஆமீன்.